வராத கேமராவுக்காகக் காத்திருந்தவர்கள்

ஸ்டில் கேமராவில் சினிமா எடுக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, 'அடுத்த மாடல் வரட்டும்' என்று சொல்லத் தொடங்கினோம். அந்தக் காத்திருப்பின் கதை இது.

2008 செப்டம்பர். வின்சென்ட் லாஃபோரே என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், இன்னும் கடைக்கு வராத ஒரு கேமராவை கேனன் நிறுவனத்தின் அமெரிக்க அலுவலகத்தில் பார்த்தார். நியூயார்க் டைம்ஸில் வேலை பார்த்தவர். 2002-இல் புலிட்சர் பரிசு பெற்ற படக்குழுவில் ஒருவர். பார்ப்பதற்கு அது வழக்கமான ஸ்டில் கேமராதான். ஆனால் வீடியோவும் எடுக்கும் என்றார்கள். வார இறுதி முடியும்வரை அதை இரவல் தரும்படி விடாமல் கேட்டு வாங்கிப் போனார். செலவு முழுக்க அவருடையது, கேனன் ஒரு காசும் தராது என்பது நிபந்தனை.

திரும்பி வரும்போது அவரிடம் 'ரெவரீ' என்ற சின்னஞ்சிறு படம் இருந்தது. இரவு நேர நியூயார்க், காரில் விரையும் ஓர் இளைஞன், கனவில் வரும் ஒரு பெண், ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த சில காட்சிகள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனது கதைக்காக அல்ல. தெருவிளக்கு வெளிச்சத்தில், பெரிய லைட் செட்டப் எதுவும் இல்லாமல், முகம் மட்டும் துல்லியமாக நிற்க, பின்னால் நகரத்து விளக்குகள் வட்ட வட்டமாகக் கரைந்து ஓடின. அதுவரை அந்தத் தோற்றத்துக்கு ஃபிலிம் கேமராவும், லாரி நிறைய விளக்குகளும், ஒரு யூனிட்டும் தேவைப்பட்டன. இணையத்தில் வெளியான ஒரு வாரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அந்தப் படம் பார்க்கப்பட்டது.

கேமராவின் பெயர் கேனன் இஓஎஸ் 5டி மார்க் 2. அறிவிக்கப்பட்ட நாள் 2008 செப்டம்பர் 17. அமெரிக்க விலை 2,699 டாலர். நியாயமாகப் பார்த்தால் முதல் பெருமை நிக்கானுக்குத்தான் போக வேண்டும். மூன்று வாரங்கள் முந்தி, ஆகஸ்ட் 27 அன்று, அவர்கள் டி90-ஐ அறிவித்துவிட்டார்கள். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். ஆனால் அது 1280-க்கு 720 புள்ளிகள், ஒரு தடவை ஓடவிட்டால் ஐந்து நிமிடம் மட்டும், ஒலியும் மோனோ. கேனன் 1920-க்கு 1080 என்ற முழு எச்டியோடு வந்து இறங்கியதும் டி90 பேச்சிலிருந்தே காணாமல் போனது. தொழில்நுட்ப வரலாற்றில் முதலில் வந்தவருக்கு மரியாதை கிடைப்பது அபூர்வம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சினிமாக்காரர்கள் யாரும் கேனனிடம் போய் இப்படி ஒரு கேமரா வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டவை செய்தி நிறுவனங்கள். நாளிதழ்கள் இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. படம் எடுக்கப் போகிற நிருபரே இரண்டு நிமிடம் வீடியோவும் எடுத்து அனுப்பினால் வசதியாக இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த வசதிக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு பொத்தான், சினிமா எடுக்கும் ஆசையோடு காசில்லாமல் இருந்தவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது.

அதற்கு முன் பட்ட பாடு

5டி ஏன் இவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்தது என்பது, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சின்ன கேமராவில் படம் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றைய வீடியோ கேமராக்களின் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. பெரும்பாலானவை மூன்றில் ஒரு அங்குலம் என்ற வகையைச் சேர்ந்தவை. சென்சார் சின்னதானால் முன்னால் நிற்பவரும், பின்னால் இருக்கிற சுவரும், சுவரில் தொங்குகிற காலண்டரும் எல்லாம் ஒரே கூர்மையில் தெரியும். செய்திக்கு அது நல்லது, கதைக்கு ஆகாது. யாரைப் பார்க்க வேண்டும் என்று பார்வையாளருக்குச் சொல்லும் வேலையில் பாதியை ஃபோகஸ்தான் செய்கிறது. 35 எம்எம் ஃபிலிமில் ஒரு ஃபிரேமின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். 5டி மார்க் 2-இன் சென்சார் அகலம் 36 மில்லிமீட்டர். சினிமா ஃபிரேமையும் தாண்டிய பரப்பு அது.

இந்த இடைவெளியைக் கடக்க ஒரு குறுக்குவழி இருந்தது. அடாப்டர் என்பார்கள். பானாசோனிக் எச்விஎக்ஸ்200 போன்ற வீடியோ கேமராவின் முகத்தில் ஒரு குழாயைப் பொருத்த வேண்டும். அந்தக் குழாயின் மறுமுனையில் ஸ்டில் கேமரா லென்ஸ். நடுவில் சொரசொரப்பாக்கிய ஒரு கண்ணாடித் தகடு. லென்ஸ் அந்தத் தகட்டின்மேல் பிம்பத்தை விழவைக்கும். வீடியோ கேமரா அந்தப் பிம்பத்தைப் படம் பிடிக்கும். தகடு சும்மா நின்றால் அதன் சொரசொரப்பு படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதால், ஒரு சின்ன மோட்டார் அதைச் சுழற்றிக்கொண்டோ அதிரவைத்துக்கொண்டோ இருக்கும். பேட்டரி தீர்ந்து மோட்டார் நின்றால் அந்த ஷாட் அம்பேல். பல அடாப்டர்களில் பிம்பம் தலைகீழாக விழும். மானிட்டரைக் கவிழ்த்து வைத்துத்தான் ஃபிரேம் பார்க்க வேண்டும். இத்தனை கண்ணாடிகளைத் தாண்டி வருவதற்குள் வெளிச்சம் வேறு கணிசமாகக் குறைந்துவிடும். லீட்டஸ், ரெட்ராக், பிரீவிஸ் என்று இதற்கே தனிக் கம்பெனிகள் நடந்தன.

இந்த மொத்த ஜோடனையையும் 5டி ஒரே நாளில் செல்லாக்காசாக்கியது. பெரிய சென்சார், மாற்றிக்கொள்ளக்கூடிய லென்ஸ், மெமரி கார்டில் நேரடிப் பதிவு. விஷயம் அவ்வளவுதான்.

கொடுத்ததும் கொடுக்காததும்

வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே குறைகளைக் கண்டுபிடித்தார்கள். வீடியோ ஓடும்போது அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எதையும் நாமாக வைக்க முடியாது. எல்லாம் கேமராவின் இஷ்டம். ஜன்னலோரம் உட்கார்ந்து பேசும் நடிகர் கொஞ்சம் திரும்பினால், பின்னால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து கேமரா தானாக முகத்தை இருட்டாக்கிவிடும். ஒரு ஷாட்டின் நடுவே வெளிச்சம் இப்படி ஏறி இறங்கினால் எடிட்டிங்கில் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஸ்டில் மோடில் வேண்டிய அப்பர்ச்சரை வைத்து, அது மூடித் தெரிவதற்கான பிரிவியூ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே லென்ஸைக் கழற்றுவதுபோல் லேசாகத் திருகுவது. லென்ஸுக்கும் பாடிக்கும் உள்ள மின்தொடர்பு அறுந்துவிடும். அப்பர்ச்சர் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய கேமராவில், பாதி கழன்ற லென்ஸோடு படம் எடுத்தார்கள். இன்னும் சிலர் கேனன் பாடியில் பழைய நிக்கான் லென்ஸை மாட்டினார்கள். அதில் அப்பர்ச்சர் வளையம் கையால் திருகுவது. கேமராவின் இஷ்டம் அதில் செல்லாது. போட்டிக் கம்பெனியின் பழைய லென்ஸுக்கு கேனன் தயவில் ஒரு புதிய சந்தை பிறந்தது.

2009 ஜூனில் புதிய ஃபார்ம்வேர், அதாவது கேமராவின் உள் மென்பொருள், வந்தது. அப்பர்ச்சரும் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் கைக்கு வந்தன. அடுத்த ஏக்கம் ஃபிரேம் எண்ணிக்கை. 5டி விநாடிக்கு 30 ஃபிரேம்தான் எடுக்கும். சினிமா 24-இல் ஓடுகிறது; நம் ஊர் தொலைக்காட்சியும் ஐரோப்பியத் தொலைக்காட்சியும் 25-இல். 30-இல் எடுத்ததை 24 ஆக்கினால் அசைவு தடுக்கும். வாயசைவும் ஒலியும் இழுபறியாகும்.

இந்தியாவில் இன்னொரு தலைவலியும் இருந்தது. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. பழைய சோக் டியூப்லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு நூறு முறை மினுக்கும். கேமரா தன்னிஷ்டப்படி அறுபதில் ஒரு விநாடி ஷட்டர் வைத்தால், அந்த மினுக்கலோடு தாளம் தப்பி, படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊரும். வரிசையாக டியூப்லைட் கட்டிய கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் இப்படிப் பட்டை ஊர்ந்தால், வீடியோகிராபர் பெண் வீட்டாருக்கு என்ன சமாதானம் சொல்வார்? ஜூன் ஃபார்ம்வேருக்குப் பிறகு ஷட்டரை ஐம்பதில் ஒன்று என்று வைத்து அதைச் சமாளித்தார்கள். இன்றைக்கும் நம் ஊரில் 'ஷட்டர் ஐம்பதில் வை' என்பது உதவியாளருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

24-உம் 25-உம் தருகிறோம் என்று கேனன் 2009 அக்டோபரில் வாக்குக் கொடுத்தது. மார்ச் 2010-இல் ஃபார்ம்வேர் வெளியிட்டது; ஒலிப்பதிவில் கோளாறு என்று உடனே திரும்பப் பெற்றது; அதே மாதத்தில் திருத்தி மறுபடியும் வெளியிட்டது. இதற்குள் 2009 செப்டம்பரில் 7டி வந்துவிட்டது. 5டியைவிடச் சின்ன சென்சார், ஆயிரம் டாலர் குறைந்த விலை, ஆனால் 24, 25, 30 மூன்றும் பிறவியிலேயே உண்டு. அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. 5டி வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

சரிகையும் செங்கலும்

ஃபார்ம்வேரால் தீராத குறைகளும் இருந்தன. 5டி மார்க் 2-இன் சென்சாரில் 3,744 வரிசைகள். வீடியோவுக்கு வேண்டியது 1,080. அத்தனை வரிசைகளையும் விநாடிக்கு முப்பது தடவை படித்து, சுருக்கி எழுதுகிற வேகம் அன்றைய சில்லுக்கு இல்லை. எனவே சில வரிசைகளைப் படித்து மற்றதைத் தாண்டிப் போய்விடும். வானம், முகம், புல்வெளி என்றால் இந்தத் திருட்டுத்தனம் வெளியே தெரியாது. நெருக்கமான கோடுகள் வந்தால் மாட்டிக்கொள்ளும். செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, சின்னக் கட்டம் போட்ட சட்டை எதுவானாலும் அதன்மேல் வானவில் நிறத்தில் அலைகள் நெளியும். மொய்ரே என்பார்கள். பட்டுப் புடவையின் சரிகைக் கரை இந்த நோய்க்கு மிகவும் பிடித்த இடம். க்ளோசப்பில் கண்ணைப் பறிக்கிற புடவை, கேமராவை ஓரடி பின்னால் நகர்த்தினால் படத்தில் பூச்சி பறப்பதுபோல் மினுங்கும்.

இன்னொன்று, சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பது. கேமராவைச் சட்டென்று திருப்பினால் மின்கம்பம் சாயும். கட்டடம் ஜெல்லியாக ஆடும். கல்யாண வீட்டில் இதற்கு ஒரு தனி அவதாரம் உண்டு. பக்கத்தில் நிற்கும் ஸ்டில் போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிப்பார். அந்தக் கணத்தில் சென்சார் பாதி வரிகளைத்தான் படித்திருக்கும். வீடியோவில் அந்த ஃபிரேமின் மேல்பாதி இருட்டு, கீழ்பாதி வெள்ளை. ஸ்டில்லுக்கும் வீடியோவுக்கும் மண்டபத்தில் நடக்கும் பழைய சண்டைக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்தது.

ஒலி பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம், அவ்வளவு மோசம். தனி ரெக்கார்டரில் பதிந்து, கிளாப் அடித்து, எடிட்டிங்கில் சேர்த்தார்கள். ஃபிலிம் காலத்து வழக்கம் அப்படியே திரும்பி வந்தது. கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பதால் 5டி ஏறத்தாழ 12 நிமிடத்தில் நின்றுவிடும். ஆயிரம் அடி ஃபிலிம் ரோல் ஓடுவது 11 நிமிடம். ஃபிலிமில் பழகியவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

காத்திராமல் எடுத்தவர்கள்

இத்தனை குறைகளோடும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'ஹவுஸ்', தன் ஆறாவது பருவத்தின் கடைசிப் பகுதியை 5டி மார்க் 2-இல் எடுத்து 2010 மே 17 அன்று ஒளிபரப்பியது. இடிந்து விழுந்த கட்டடத்துக்குள் சிக்கிய பெண்ணைச் சுற்றி நடக்கும் கதை. இடிபாட்டுக்குள் பெரிய கேமரா நுழையாது, இது நுழைந்தது. டான்ஃபங் டென்னிஸ் என்ற புகைப்படச் செய்தியாளர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினரோடு இதே கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து எடுத்த 'ஹெல் அண்ட் பேக் அகெய்ன்' ஆவணப்படம், 2011 சண்டான்ஸ் விழாவில் விருது வாங்கி, பிறகு ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அதே சண்டான்ஸில் புனைவுப் பிரிவின் பெரிய பரிசை வென்ற 'லைக் கிரேஸி' 7டியில் எடுத்தது.

நம் பக்கம் அமோல் குப்தேயின் 'ஸ்டான்லி கா டப்பா' 2011-இல் வந்தது. பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடித்த படம். பெரிய கேமராவைப் பார்த்தால் மிரளும் குழந்தைகள் இதைப் பார்த்து மிரளவில்லை. அதே ஆண்டு மலையாளத்தில் 'சாப்பா குரிசு'. தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9', விஜய் மில்டன் ஒளிப்பதிவில் ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டு 2012 மே மாதம் வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. நடைபாதைக் கடையிலும் தெருவிலும் நடக்கும் கதைக்கு அந்தக் கேமரா பொருந்தியது தற்செயல் அல்ல. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் ஸ்டில் கேமராவோடு நின்றால் யாரும் வேடிக்கை பார்க்கக் கூடுவதில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் குறும்படங்களில் நடந்தது. கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' ஓடிய ஆண்டுகள் அவை. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அங்கிருந்துதான் பெரிய திரைக்கு வந்தார்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நாள் வாடகைக்கு 5டியும் 7டியும் கிடைத்தன. கூடவே கேனனின் 50 எம்எம் 1.8 லென்ஸ். பிளாஸ்டிக் உடம்பு, விரல் நுனியால் மட்டுமே பிடிக்க முடிகிற மெல்லிய ஃபோகஸ் வளையம், திருகினால் கரகரவென்று சத்தம். ஆனால் முகத்தின் பின்னால் உலகத்தைக் கரைத்துக் காட்டுவதில் பெரிய லென்ஸுக்குச் சளைக்காது. அந்தக் காலத்துக் குறும்படங்களில் பாதிக்குப் பாதி காட்சிகளில் பின்னணி கரைந்து கிடக்கும். சில படங்களில் கதையும் சேர்ந்து கரைந்திருக்கும். புதுக் கருவி கிடைத்த மயக்கம் அது. தெளிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின.

அடுத்தது வரும், அடுத்தது வரும்

மறுபக்கத்தில் எடுக்காமல் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான ஒன்று: இந்தப் பெரிய சென்சாரையும் இந்த லென்ஸ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, வீடியோவுக்கென்றே ஒரு கேமரா செய்துகொடுங்கள். சரியான மைக் இணைப்பு, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு வியூஃபைண்டர், நிறுத்தாமல் ஓடும் பதிவு. வானவில் அலை வேண்டாம்.

அதிகம் எதிர்பார்க்கப்பட்டது, டிஜிட்டல் சினிமா கேமரா செய்யும் ரெட் நிறுவனத்தின் ஸ்கார்லெட். 2008 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் என்ஏபி கண்காட்சியில் அறிவித்தார்கள்: 3கே படம், மூவாயிரம் டாலருக்கு. அந்த விலையைக் கேட்டு எத்தனையோ பேர் வேறு கேமரா வாங்குவதை ஒத்திப்போட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியிலேயே வடிவமைப்பை மாற்றினார்கள். பிறகு மறுபடியும் மாற்றினார்கள். 2009 போனது, 2010 போனது.

இடையில் மற்றவர்கள் வந்தார்கள். பானாசோனிக் 2009 மார்ச்சில் அறிவித்த ஜிஎச்1, டிஎஸ்எல்ஆரில் இருக்கும் உள் கண்ணாடியே இல்லாத சின்ன கேமரா. வீடியோவை ஒட்டுச்சேர்க்கையாக நினைக்காமல் செய்யப்பட்ட முதல் மாடல் என்று தயங்காமல் சொல்வேன். 2010 ஜூலையில் சோனி என்இஎக்ஸ்-விஜி10-ஐ அறிவித்தது. பார்க்க ஹேண்டிகேம், உள்ளே பெரிய சென்சார், முன்னால் மாற்றக்கூடிய லென்ஸ், விலை இரண்டாயிரம் டாலர். கேட்டது கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் 24 ஃபிரேம் இல்லை. ஒலி அளவைக் கையால் வைக்க வழியில்லை. சோனியின் பெரிய கேமராக்களை வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்ற கவலை அதன் ஒவ்வொரு பொத்தானிலும் தெரிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் கடைக்கு வந்த பானாசோனிக் ஏஎஃப்100 ஐயாயிரம் டாலருக்குக் கேட்டதில் பெரும்பாலானதைக் கொடுத்தது. நல்ல கேமரா, ஆனால் அதன் சென்சார் 5டியுடையதைவிட மிகச் சின்னது. கரைந்த பின்னணிக்கு அடிமையானவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில் 2011 நவம்பர் 3 வந்தது. ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டூடியோவில் கேனன் பெரிய விழா எடுத்து, தன் முதல் சினிமா கேமரா சி300-ஐ அறிமுகப்படுத்தியது. அன்றே ரெட் நிறுவனமும் ஸ்கார்லெட்-எக்ஸை அறிவித்தது. மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்தார்கள். சி300-க்குப் பட்டியல் விலை 20,000 டாலர். ஸ்கார்லெட்டின் பாடி மட்டும் ஏறத்தாழ 9,750. மூவாயிரம் டாலர் பேச்சு எங்கோ போயிருந்தது. இரண்டும் அருமையான கேமராக்கள். 5டி வைத்திருந்த மாணவருக்கு இரண்டுமே எட்டாக்கனி.

பூட்டு எங்கே இருந்தது

கேட்டதை ஏன் தரவில்லை என்பதற்கு அன்று கம்பெனிகள் சொன்ன பதில் தொழில்நுட்பம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரே நிறுவனத்துக்குள் ஸ்டில் பிரிவும் வீடியோ பிரிவும் தனித்தனிக் கடை நடத்தியது. மூவாயிரம் டாலர் கேமராவில் எல்லாவற்றையும் கொடுத்தால் இருபதாயிரம் டாலர் கேமராவை யார் வாங்குவார்?

பூட்டைத் திறந்து காட்டியவர்கள் வெளியாட்கள். டிராமல் ஹட்சன் என்ற நிரலாளர் 2009-இல் 5டி மார்க் 2-க்காக எழுதிய 'மேஜிக் லான்டர்ன்' என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் போட்டு ஏற்றினால், கேனன் தராத ஒலி அளவுக் கட்டுப்பாடும் அளவுமானியும் திரையில் வந்து நின்றன. 2013-இல் அந்த மென்பொருளைத் தொடர்ந்து வளர்த்த குழுவினர் 5டி மார்க் 3-இலிருந்து 14-பிட் ரா வீடியோவையே, அதாவது சென்சார் தரும் படத்தைப் பதப்படுத்தாமல் அப்படியே, வெளியே எடுத்தார்கள். வன்பொருளில் ஒரு திருகுகூட மாறவில்லை. விட்டாலி கிசெலெவ் என்ற ரஷ்யர் பானாசோனிக் ஜிஎச்1-இன் ஃபார்ம்வேரைப் பிரித்து, அதன் பதிவுத் தரத்தைப் பல மடங்கு உயர்த்தினார். அந்தத் திறன் முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் இருந்தது, வாங்கியவருக்குத்தான் கொடுக்கவில்லை.

பிறகு வந்த ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றதும் இதே ரகம். 30 நிமிடத்தைத் தொட்டால் ஐரோப்பியச் சுங்கத்தில் அது வீடியோ கேமரா கணக்கில் போய்க் கூடுதல் வரி விழும் என்பதால் வைத்த வரம்பு அது. சங்கீதக் கச்சேரி பதிவு செய்பவர் ராக ஆலாபனை நடுவே எழுந்து போய்ப் பொத்தானை மறுபடி அழுத்தியது பிரஸ்ஸல்ஸ் சுங்க விதிக்காகத்தான்.

வேலியை உடைத்தது போட்டி. கேமராவே செய்திராத ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2012-இல் 2,995 டாலருக்கும், அடுத்த ஆண்டு 995 டாலருக்கும் சினிமா கேமரா கொண்டுவந்தது. 2014-இல் பானாசோனிக் ஜிஎச்4 கேமராவுக்குள்ளேயே 4கே பதிந்தது. பாதுகாக்க விலையுயர்ந்த சினிமா கேமரா வரிசை எதுவும் பிளாக்மேஜிக்கிடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது என்ன குறை?

காத்திருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சோனி ஏ7எஸ் மார்க் 2 வந்தது 2015-இல். மார்க் 3 வர 2020 ஜூலை ஆனது. அந்த ஐந்தாண்டும் 'இந்த மாதம் அறிவிப்பு' என்ற ஊகச் செய்தி மாதம் தவறாமல் வந்தது. அதே 2020-இல் கேனன் ஆர்5, 8கே வீடியோவோடு வந்தது. சூடு பிரச்சினை என்று கேனனே ஓர் அட்டவணை வெளியிட்டது: 23 டிகிரி வெப்பநிலையில் 8கே 20 நிமிடம் ஓடும். மே மாதத்து மதுரையில் 23 டிகிரியை எங்கே போய்த் தேடுவது?

ஆனாலும் ஒரு கட்டத்தில் கேட்டது கிடைத்துவிட்டது. கேரத் எட்வர்ட்ஸ், 2023-இல் வெளியான 'தி கிரியேட்டர்' என்ற, எட்டுக் கோடி டாலர் செலவான அறிவியல் புனைகதைப் படத்தை, அப்போது நாலாயிரம் டாலருக்கும் குறைவாக விற்ற சோனி எஃப்எக்ஸ்3-இல் எடுத்தார். அந்த எட்டுக் கோடியில் எந்தக் கேமராவை வேண்டுமானாலும் அவர் வாங்கியிருக்கலாம். சிறியது, குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும், கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தார். லாஃபோரே அந்த வார இறுதியில் கண்டுபிடித்த அதே காரணங்கள்.

வட்டம் மூடிய இன்னொரு செய்தி 2024 மார்ச்சில் வந்தது: ரெட் நிறுவனத்தை நிக்கான் வாங்குகிறது. தன் ரா வீடியோ காப்புரிமையை மீறியதாக அதே நிக்கான்மேல் 2022-இல் வழக்குப் போட்ட நிறுவனம் ரெட். 2025 செப்டம்பரில் நிக்கான் அறிவித்த இசட்ஆர், ரெட்டின் ரா வடிவத்தில் 6கே எழுதுகிறது. அறிவித்தபோது விலை சுமார் 2,200 டாலர். 2008-இல் ரெட் சொன்ன மூவாயிரத்தைவிடக் குறைவு. ஸ்கார்லெட்டுக்காகக் காத்திருந்தவர் யாராவது இன்னும் விடாப்பிடியாக இருந்தால், அவருடைய கேமரா வந்துவிட்டது, பெயர்தான் வேறு.

அதனால், அடுத்த மாடல் வரட்டும் என்று பணத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. இன்று கடையில் நல்ல பெயரோடு விற்கும் கேமராக்களில் உங்கள் முதல் படத்தைத் தடுக்கிற குறை எதுவும் இல்லை. முதலில் இரண்டு நல்ல லென்ஸும் ஒரு நல்ல மைக்கும் வாங்குங்கள். அவை பத்து ஆண்டுக்கும் வரும். பாடியை நாள் வாடகைக்கு எடுங்கள். எடுத்தவுடன் நீங்கள் உண்மையில் படம் பிடிக்கப் போகும் இடத்துக்கே கொண்டுபோய், அங்குள்ள விளக்கில், அங்குள்ள வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பட்டை ஊரவில்லை, சூட்டில் நிற்கவில்லை என்றால் அந்த வாரமே படப்பிடிப்பைத் தொடங்கிவிடலாம்.